நவம் அண்ணையின் கதவில்லாத நிலவறை

செவ்வாய்க்கிழமை காலை ஹெல்முட் தொலைபேசியில் அழைத்து, நவம் அண்ணை இறந்துவிட்டார் என்றார். "யார் சொன்னது?" என்று கேட்டேன். மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து, சாரதி சொல்லும் கதை உண்மையா பொய்யா என்று காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கேட்டதைக் கேட்டபடி நம்பும் பழக்கம் எனக்கில்லை. ஹெல்முட்டோ ஓய்வுபெற்ற தபால்காரர். செய்தி கையில் கிடைத்தால் சரிபிழை பார்க்காமல் கொண்டோடுகிறவர். ஆகவே அண்ணையின் மகள் தர்ஷினிக்கு எடுத்தேன். "ஓம் மாமா" என்றாள். அப்படியும் மனம் ஒப்பாமல் வேலையைப் பாதியில் விட்டு அவருடைய மதுச்சாலை வாசலுக்குப் போனேன். திறக்கும் நேரம் கடந்தும் கதவு பூட்டியே கிடந்தது. அந்தப் படியில் இருந்து அழுதேன்.

இதை வாசிக்கும் உங்களில் பாதிப்பேர் அவரைக் கோயிலில் கண்டவர்கள், மீதிப்பேர் பியர்க் கிளாஸோடு கண்டவர்கள். ஒரு பகுதி மற்றப் பகுதியைச் சந்தேகத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறீர்கள். இரண்டு பகுதிக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜெர்மனியில், பிராங்கன் பகுதியின் இந்தச் சிறுநகரத்துக்கு நவம் அண்ணை அகதியாக வந்து, அந்த மதுச்சாலையின் குசினியில் கோப்பை கழுவினார். பழைய முதலாளிக்கு வயதானபோது கடையை அவரே பொறுப்பெடுத்தார். மேல்தெருவில் வடிக்கும் பியர் மரப்பீப்பாயில் வரும். நிலவறையில் கிடத்தி அடங்கவிட்டு, மேலே தூக்கி வைத்து, மரச்சுத்தியலால் குழாயை அடித்து இறக்குவார். வாயு ஏற்றுவதில்லை, தானாக வழிவதுதான் பியர். நம்மவர்கள் அதை ஊர்க் கள்ளுக்கடையைச் சொல்வது போலத் 'தவறணை' என்று சொல்லி வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பொறுப்பெடுத்த முதல் வருடமே அவர் ஒரு பெரிய பிழை விட்டார். பொங்கல் வந்தது. பொங்கலுக்கு முன் சுவர்களுக்கு வெள்ளையடிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுருட்டுப் புகை ஏறித் தேன்நிறமாகியிருந்த சுவர்களை அவரும் மனைவியுமாகப் பால்வெள்ளை ஆக்கிவிட்டார்கள். நிரந்தர வாடிக்கையாளருக்கென்று மூலையில் ஒரு மேசை உண்டு. அழைக்காமல் வேறு யாரும் அதில் அமரமாட்டார்கள். அந்த மேசைக்காரர்கள் மறுநாள் வந்து சுவரைப் பார்த்தார்கள், வந்த வழியே திரும்பினார்கள். எதை மறைக்க வெள்ளையடித்தான் என்று ஊர் பேசியது. கடையில் பெட்டி பெட்டியாக வாங்கிய மலிவுப் பியரைப் பீப்பாய்க்குள் ஊற்றுகிறான் என்றும் கதை கிளம்பியது. "சுவர் வெளுத்தது, அவங்களுக்கு முகம் கறுத்துப் போச்சு" என்று பிற்காலத்தில் சிரித்தபடி சொல்வார். அப்போது அவர் சிரிக்கவில்லை. யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டும் போகவில்லை. நிலவறைக் கதவைப் பிணைச்சலோடு கழற்றிக் கொல்லையில் சாய்த்து வைத்துவிட்டார். யாரும் இறங்கிப் பார்க்கலாம். முதலில் அந்த மேசைக்காரரில் ஒருவரான ஹெல்முட் இறங்கினார், பிறகு ஒவ்வொருவராக மற்றவர்கள். "நம்புங்கோ எண்டு கேக்கிறவனை நான் நம்பமாட்டன். பாக்க விடோணும், அவ்வளவுதான்" என்பார். அந்தக் கதவு திரும்பப் பொருத்தப்படவேயில்லை.

நான் முதன்முதலில் போனது பியர் குடிக்க அல்ல. தமிழன் ஒருவன் ஜெர்மன்காரருக்கு அவர்களுடைய பியரையே விற்றுப் பிழைக்கிறான் என்றால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று எனக்குப் பட்டது. என் பார்வையிலேயே அவர் ஆளை அளந்துவிட்டார். "கீழை போய்ப் பாத்திட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்" என்றார். போனேன். பீப்பாய்களைத் தட்டினேன், தரையை முகர்ந்தேன், மூலை முடுக்கெல்லாம் கைவிளக்கு அடித்தேன். மேலே வந்ததும், "என்ன பிழை பிடிச்சீங்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் பிடிபடேல்லை அண்ணை. அதுதான் சந்தேகமாக் கிடக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் மூலை மேசையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அந்த மேசையில் என்னை இருத்தினார்.

பிறகு ஞாயிறுகளில் அயலூர் மதுச்சாலைகளுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். குடிக்கப் போகிறோம் என்று என் மனைவி நினைத்தாள். நாங்கள் துப்பறியப் போனோம். ஒரு பேர்போன இடத்தில் உணவுப்பட்டியலைப் புத்தகம் போலத் தந்தார்கள். அண்ணை அதைத் திறக்கவேயில்லை. "இவ்வளவும் சமைக்கிறவன் எப்ப பியரைப் பாக்கிறான்?" என்றார். கிளாஸ் வந்தது, கை விறைக்கும் குளிர். சூடேறட்டும் என்று உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, "கடுங்குளிரிலை நாக்குக்குக் கண் தெரியாது தம்பி. என்னத்தை மறைக்கிறான் எண்டு பொறுத்துப் பாப்பம்" என்றார். பாட்டுச் சத்தம் கூடினால் அதையும் சந்தேகிப்பார். மனிதர் கதைப்பதைக் கேட்க விரும்பாத கடை என்பார். அவருடைய கடைசிச் சோதனை வேறு. "தனிய வந்த ஆளை எங்கை இருத்தியிருக்கிறாங்கள் எண்டு பாரும்." அன்று ஒரு முதியவரைக் கழிப்பறைக் கதவோரம் இருத்தியிருந்தார்கள். அண்ணை எழுந்து அவரிடம் போய், இங்கத்தைய வழக்கப்படி மேசையைக் கைமுட்டியால் இரண்டு தட்டுத் தட்டி வணக்கம் வைத்துவிட்டு, அங்கேயே இருந்துவிட்டார். தனியே விடப்பட்ட நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தன் பியரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் திறக்குமுன் கொஞ்சம் வடித்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு மிடறு குடித்து, மீதியை ஊற்றிவிடுவார். நேற்றைய பீப்பாய்தானே அண்ணை என்று ஒருமுறை கேட்டேன். "நேற்று நல்லாயிருந்தது எண்டது இண்டைக்குச் சாட்சியில்லை" என்றார். என் அலுவலகத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம்.

போன குளிர்காலத்தில் இருதயம் அவரைப் படுத்தத் தொடங்கியது. கடையை விலைக்குக் கேட்டு பிராங்பேர்ட்டிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் புகழ்ந்தார். சுவரில் மாட்டியிருந்த மான்கொம்பைப் படமெடுத்தார், மூலை மேசையைத் தடவிப் பார்த்தார், எதையும் மாற்றமாட்டேன் என்று கேட்காமலே வாக்குக் கொடுத்தார். ஹெல்முட்டுக்கு நல்ல சந்தோஷம். அண்ணை மறுத்துவிட்டார். "கீழை இறங்கினவனோ? இல்லை. பொம்பிளை பாக்க வந்தவன் வீட்டுக் கூரையைப் புகழ்ந்திட்டுப் போறான்" என்றார். அன்றிலிருந்து, தனக்குப் பிறகு இந்த இடம் என்னாகும் என்ற ஒரே கவலைதான் அவருக்கு. மருந்தை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்.

அப்போதுதான் தர்ஷினி வந்தாள். பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, தகப்பனோடு நிலவறைக்கு இறங்கினாள். அண்ணை அவளுக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தார், ஆனால் என்னிடம், "கோடை வர விட்டிட்டு ஓடிப்போவாள், பாரும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். இந்த ஊர் வங்கியில் அவளுக்கு ஒரு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இருப்பதாக ஹெல்முட் சொன்னார். அளவுநாடாவோடு ஒரு ஆள் மேல்மாடிக்குப் போனதை நானே கண்டேன். விற்கப் போகிறாள் என்று மூலை மேசை முடிவு கட்டியது. கோயிலில், பெண்பிள்ளை தவறணை நடத்துவதைவிட விற்பதே மேல் என்றார்கள்.

தகனம் முடிந்து எல்லோரும் மதுச்சாலைக்கு வந்தோம். இங்கே அதுதான் வழக்கம். நம்மவர்களுக்கு மரக்கறிச் சாப்பாடு தனியாக இருந்தது. கோயில்காரரும் மூலை மேசைக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அன்றைக்குத்தான். கூட்டம் குறைந்ததும் தர்ஷினி என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நேரடியாகவே கேட்டேன்.

"நாடாவோடை வந்த ஆள் ஆர்?"

"குசினி அளந்தவர் மாமா. நான் மேலை குடிவாறன். பாங்கிலை டெர்மின் எடுத்தது, இந்தக் கடைக்குக் கடன் கேக்க."

விற்கிறவர்களும் நல்ல விலைக்காகக் குசினி மாற்றுவதுண்டு. அதை நான் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் கண் கலங்கியது.

"உண்மையைச் சொல்லுங்கோ. அப்பா என்னை நம்பினவரோ?"

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நிலவறைக் கதவையே கழற்றிவிட்ட மனிதரின் இடம் அது.

"இல்லைப் பிள்ளை, நம்பேல்லை. விட்டிட்டு ஓடுவாய் எண்டு என்னட்டைச் சொன்னவர்."

அவள் தலை குனிந்தது.

"அந்த பிராங்பேர்ட்காரனைப் பற்றி ஒரு நாள் கதைச்சார், அதோடை விட்டிட்டார். உன்னைப் பற்றித்தான் ஒவ்வொரு நாளும் சந்தேகப்பட்டவர். கடை திறக்க முன்னம் பியரைச் சோதிச்ச மாதிரி. அக்கறையில்லாத எதையும் அந்த மனுசன் சந்தேகப்பட்டதில்லை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பீப்பாயடிக்குப் போனாள். ஒரு கிளாஸ் வடித்து என் முன் வைத்தாள். மூலை மேசை எட்டிப் பார்த்தது. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மிடறு குடித்தேன்.

நவம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தச் சந்தேகத்தைத்தான். முன்பு அது என் சம்பளத்துக்கானது. அவர்தான் அதை ஒருவர்மேல் அன்பாக வைக்கலாம் என்று காட்டினார். இனி அந்த மேசையில் இருந்து அவர் இடத்தில் நான் சந்தேகப்படப் போகிறேன், உடம்பு விடுமட்டும்.

"நுரை கூடிப்போச்சு" என்றேன்.

தர்ஷினி கிளாஸை வாங்கி ஊற்றிவிட்டு, இன்னொன்றை எடுத்துக் குழாயின் கீழ் பிடித்தாள்.