மதகில் சிக்கிய பாலைக்குற்றி

எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தை விட்டு வந்த நாங்கள், கிளிநொச்சிப் பக்கம் ஒரு மேட்டுக்காணியில் குடிசை போட்டோம். மேட்டுக்குக் குளத்துத் தண்ணீர் ஏறாது. மழையை நம்பிக் கச்சான் கடலை போட்டோம். மற்ற நாட்களில் நான் கீழே வயல்களில் களை பிடுங்கப் போவேன். என்னை வழக்கமாகக் கூப்பிடுகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அக்கா.

இரண்டாம் வருஷம் கோடைச் சிறுபோகத்தில், நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வாய்க்கால் வற்றிவிட்டது. குளத்தில் தண்ணீர் இருந்தது. நடுவில், வண்டிப்பாதைக்குக் கீழே போகும் மதகில்தான் அடைப்பு. மரம் ஏற்றிப்போன யாரோ ஒருவரின் டிராக்டரிலிருந்து விழுந்த பாலைக்குற்றி மதகின் வாயில் குறுக்கே நின்றது. பாலை கனத்த மரம், மிதக்காது. அதில் புல்லும் செத்தையும் சேர்ந்து அணை போலாகிவிட்டது.

விழுத்தினவன் வந்து எடுக்கட்டும் என்றார்கள் மேல்வயல்காரர். மதகுக்கு மேலே இருந்த அவர்களுக்குத் தண்ணீருக்குக் குறைவில்லை. நீர்ப்பாசனக் கந்தோர் அதிகாரிகள் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று நாள் போனது.

அக்கா ஒரு நெல்மணியை நசுக்கிக் காட்டினார். பாலே இல்லை, வெறும் பதர்.

"இன்னும் ரெண்டு நாள் போனா எல்லாம் சப்பிதான், பிள்ளை."

"அக்கா, மாட்டுக் கயிறு இருக்குதா? நீளமா ரெண்டு வேணும்."

"என்னத்துக்கு?"

"அந்தக் கட்டைய எடுத்துருவோம்."

"உமக்கென்ன விசரோ? அது நாங்கள் போட்ட கட்டையே?"

"நாம போடலதான். தேயிலைத் தோட்டத்துல தண்ணி ஓடுற கான் வெட்டுன ஆளு நான். தண்ணி அடைச்சி நிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அக்கா மாட்டுக் கொட்டிலுக்குப் போய் இரண்டு கயிறு எடுத்து வந்தார்.

ஒரு கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பாதையோர மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அக்கா பிடித்துக்கொண்டார். தண்ணீர் தேங்கி நின்ற மேல்பக்கம் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சளவு. கத்தியால் புல்லை அறுத்து அறுத்துக் கரையில் எறிந்தேன். காலில் குற்றி தட்டுப்பட்டதும் பயம் போய், உடம்பெல்லாம் ஒரு துடிப்பு வந்துவிட்டது. மூச்சைப் பிடித்து மூழ்கினேன். மூன்றாம் தடவை மற்றக் கயிறு அதன் நுனியில் இறுகியது. நான் கரையேறியதும் இருவரும் இழுத்தோம். அசையவில்லை.

சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன, மாடு விழுந்திட்டுதோ?"

"மாடில்லை, குற்றி. வந்து பிடியுங்கோ," என்றார் அக்கா.

அவர் சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டு வந்தார். மூவரும் பின்னால் சாய்ந்து இழுத்தோம். குற்றி முனகியது, பிறகு சட்டென்று திரும்பிக் கரையோரம் ஒதுங்கியது. நாங்கள் மூவரும் மல்லாக்க விழுந்தோம். காலுக்குக் கீழே மதகு உறுமியது. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால், சேற்று நிறத்தில் தண்ணீர் பாய்ந்து வெளியே வருகிறது.

நான் தண்ணீரோடு ஓடினேன். நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு அது காய்ந்த வாய்க்காலில் போக, கரையில் நான், எனக்குப் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா. அவர் ஓடி அதுவரை நான் கண்டதில்லை. வயல்களில் நின்றவர்கள் மண்வெட்டியோடு வரம்புகளை நோக்கி ஓடிவந்தார்கள். அக்கா தன் வாய்க்கால் வாயை வெறுங்கையால் தோண்டித் திறந்தார். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. இருவரும் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

"உமக்கு இதில ஒரு பிடி நிலமுமில்லை," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

"இல்லதான் அக்கா," என்றேன். எனக்கு அப்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

கடைசி வரம்போரம் கொஞ்சம் சப்பியானது. மற்றதெல்லாம் விளைந்தது. குற்றி யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் போகம் முடியும்வரை, வாரத்தில் ஒரு நாள் நானும் அக்காவும் மதகில் இறங்கிச் செத்தை எடுத்தோம். சில நாட்களில் மேல்வயல்காரர் ஒருவரும் கத்தியோடு வந்து இறங்கினார்.