கம்பளம் தைத்துக் கிடைத்த காம்பரா

கல்யாணமாகி வந்த புதிதில் நானும் என் கணவரும் எல்லாவற்றையும் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டோம். உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா, ஒற்றை அறை. நடுவில் சாக்குத் திரை. அந்தப் பக்கம் மாமனாரும் மாமியும். அந்த வயதில் நான் நகைக்கோ சேலைக்கோ ஆசைப்படவில்லை. கதவு வைத்த தனி அறையில் என் கணவர் குரலை முழுதாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்குத் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் வேலை. ஒருநாள் கணப்பிலிருந்து சரிந்த கொள்ளிக்கட்டை ஹால் கம்பளத்தின் நடுவே நீளமாகக் கருக்கிவிட்டது. கருகிய பட்டையை வெட்டியெடுத்துவிட்டு, மிஞ்சிய இரண்டு துண்டுகளையும் சேர்த்துத் தைக்கத் துரைசாணி ஆள் தேடினாள். நான் கன்னியர் மடத்தில் தையல் படித்ததை இவர் போய்ப் பெருமையடித்துவிட்டார். வந்து சொன்னார்:

"நல்லா தைச்சுட்டா குசினிக்குப் பின்னால சும்மா கெடக்குற காம்பராவ நமக்கே தாராங்களாம் புள்ள. தையலுக்கு ஒரு ஆளு பக்கத்துலயே வேணுமாம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெட்டிய ஓரம் தொட்டாலே நூல் நூலாக உதிர்ந்தது. அப்படியே தைத்தால் தையல் நிற்காது, ஓரத்தை முதலில் இறுக்க வேண்டும். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை மாமி கேட்டு வாங்கி வந்தார். உருக்கி, ஓரம் முழுக்க அடிப்பக்கமாகத் தடவினேன். அடுத்த நிமிடமே பலகை மாதிரி இறுகிவிட்டது. அந்த மெழுகை நம்பி இரண்டையும் சேர்த்துத் தைத்து அனுப்பினேன். எங்கள் லயத்துக் குளிரில் தேங்காய் எண்ணெயே உறைந்து கிடக்கும். பூசிய மெழுகு மறுபடி உருகும் என்று யார் கண்டது!

பங்களாவில் பொழுது சாய்ந்தால் கணப்பு மூட்டுவார்கள். மறுநாளே இவர் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"ஒட்டு வாயத் தொறந்துருச்சு. தொரசாணி செருப்பெல்லாம் மெழுகு. நாளைக்கு விருந்தாளிங்க வாராங்க, அதுக்குள்ள சரிபண்ணலன்னா வேற ஆளப் பாக்குறேன்னுட்டாங்க."

அழுதேன். அழுதுகொண்டே ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன்.

துரைசாணி ஹட்டனுக்குப் போயிருந்தாள். கணப்பை மூட்டவில்லை. கண்ணாடிக்கு வெளியே மூடுபனி ஏறி, மலை மறைந்து, பிறகு தேயிலையும் மறைந்தது. உலகத்தில் அந்தக் கம்பளமும் நாங்கள் இருவரும் மட்டும் மீந்தது போலிருந்தது. தையலைப் பிரித்தேன். மெழுகைச் சுரண்டி, காகிதம் வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்க்க, மிச்சமிருந்ததையும் காகிதம் உறிஞ்சிக்கொண்டது. லொறி டியூபுக்கு ஒட்டுப்போடும் சொலுசனை இவர் டிரைவரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதை ஓரத்து அடியில் பூசிக் காயவிட்டு, ஒவ்வொரு ஓரத்தையும் தடித்த நூலால் தனித்தனியே சுற்றிக் கட்டினேன். அதன் பிறகுதான் இரண்டையும் சேர்த்தேன்.

அவர் ஓரங்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டே பேசினார். சின்ன வயதில் மஸ்கெலியாவில் மழையில் நனைந்தது, காய்ச்சலில் கிடந்தது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சட்டை இரவல் வாங்கியது. அவருக்கு இவ்வளவு கனத்த குரல் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தையல் முடியவே கூடாது என்றிருந்தது. முடியவும் வேண்டும், முடியாமலும் இருக்க வேண்டும்.

அந்தியில் திரும்பி வந்த துரைசாணி கணப்பைக் கொழுந்துவிட மூட்டச் சொன்னாள். நெடுநேரம் கழித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒட்டின் மேல் மெல்ல நடந்தாள், கால்விரலால் நெம்பியும் பார்த்தாள். அசையவில்லை. காம்பராச் சாவியை என்னிடமே கொடுத்தாள்.

விருந்தெல்லாம் முடிந்து, தகரப்பெட்டியோடு நாங்கள் லயத்தைவிட்டுக் கிளம்பிய நாளில், வாசல்படி தாண்டுமுன்பே மாமி சாக்குத் திரையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"எப்படா போவோம்னு இருந்தீங்களா மாமி?" என்று கேட்டேவிட்டேன்.

மாமி முகம் சிவந்தது.

"நான் வந்தப்ப என் மாமியாரு மாமனாரு இருந்தாங்க. அப்பறம் புள்ளைங்க, அப்பறம் நீங்க. நானும் ஒங்க மாமாவும் இந்தக் காம்பராவுல தனியா இருந்ததே இல்ல தாயி."

வெளியே மாமனார் குளித்து, முகம் மழித்து, கோயிலுக்குக் கட்டும் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.