சீலிங் இல்லாத வீட்டில் பெண் பார்த்தல்

தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பா முதலில் அண்ணாந்துதான் பார்த்தார். கிள்ளானில் எங்கள் கம்பத்து வீட்டுக்கு, அதாவது கிராமத்துப் பலகை வீட்டுக்கு, சீலிங் கிடையாது. உத்தரங்களும் அவற்றின் மேல் தகரமும் அப்படியே தெரியும். பலகை அடித்து மூடிவிடலாம் என்றார். லோரி ஓட்டுபவர், வார்த்தைகளை எண்ணிப் பேசுவார்.

நான்தான் தடுத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டட வரைபட ஆபீசில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பணக்கார வீடுகளில் இருக்கிற சீலிங்கையே பிய்த்தெறிந்து, உத்தரங்கள் வெளியே தெரியும்படி படம் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது இதுதான் அழகு என்று அப்பாவிடம் விளக்கினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்தவன் நான் ஒருவன்தான். "படிச்சவன் சொல்ற, சரி," என்று விட்டுவிட்டார். அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

படத்தில் உத்தரங்கள் கருகருவென்று மின்னும். எங்கள் வீட்டில் அவை வெளிறி, கரையான் அரித்த கோடுகளோடு கிடந்தன. வேலிக் கம்பங்களில் கரையான் ஏறாமல் பூசுவார்களே, பழைய இஞ்சின் எண்ணெய், அதைப் பட்டறையில் கேட்டு வாங்கிவந்தேன். சனிக்கிழமை முழுக்க ஏணியில் நின்று இரண்டு தடவை பூசினேன். அழகாகத்தான் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் தகரம் கொதித்தது. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். தங்கை தேநீர்த் தட்டோடு குனிந்தபோது அவர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது தேநீரிலேயே விழுந்தது. அவர் தோளைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"நான்தாங்க பூசினேன்," என்றார் அப்பா. "கரையானுக்கு. எனக்கு இதெல்லாம் தெரியாது."

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். தங்கை என்னையே பார்த்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் எழுந்துகொண்டார்கள்.

கார் நகர்வதற்குள் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "அங்கிள், அது நான் செஞ்ச வேல. அப்பா மூடிடலாம்னுதான் சொன்னாரு. தங்கச்சிய வேணாம்னு சொல்லிடாதீங்க."

"தெரியும் தம்பி, உன் நகமெல்லாம் கறுப்பா இருக்கே," என்றார். "என் பையன் மெக்கானிக்தானே, இந்தக் கறை எங்களுக்குப் புதுசா? அடுத்த வாரம் எல்லாரும் வீடு பாக்க வாங்கலா. எங்க வீட்ல சீலிங் இருக்கு."

கார் போனபின்னும் சாலையிலேயே நின்றேன். உள்ளே அப்பா இரவல் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. நல்ல சேதிதான். ஆனால் அதைச் சொன்னால், எனக்காக அவர் சொன்ன பொய்யை யாரும் நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.