ஆள் வந்தால் நிற்கும் மோட்டார்

எங்கள் மோட்டாருக்கு என் கணவரைக் கண்டால் ஆகாது என்று முதலில் சொன்னவர்கள் நடவுக்கு வந்த பெண்கள்தான். அவர் மோட்டார் கொட்டகையை நெருங்கும்போது மோட்டார் நின்றுவிடும். ஸ்டார்ட்டரைத் திறந்து பார்ப்பார், ஒன்றும் இருக்காது. முணுமுணுத்துக்கொண்டே நாலு வரப்பு தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். திரும்பிப் போனால் மறுபடியும் நின்றுவிடும்.

"உங்க வீட்டுக்காரர் தலையைக் கண்டாலே மோட்டார் வாய மூடிக்குதுங்க" என்று நடவு ஆட்களைக் கூட்டிவரும் அக்கா வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தது நான் செய்து வைத்த ஏற்பாடு.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே நான் மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்கள் நிறுவனம் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த மென்பொருளிடம் என்ன வேண்டும் என்று சாதாரண வார்த்தைகளில் எழுதினால் போதும். இணையத்தில் இருக்கும் சேவைகளில் எவையெவை தேவை என்று அதுவே தேடிப்பிடித்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஒன்று இல்லாமல் போனால் அந்த இடத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளும். கல்யாண வீட்டில் எல்லாப் பொறுப்பையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சித்தப்பா மாதிரி. யாரைப் பிடித்தார், எப்படி முடித்தார் என்று யாருக்கும் தெரியாது. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு இலையில் விழுந்துவிடும்.

போனில் இயங்கும், மின்சாரம் கசிந்தால்கூட அளந்து காட்டும் எங்கள் ஸ்டார்ட்டரை அதன் பொறுப்பில் விட்டபோது இரண்டே வரிதான் எழுதினேன். பயிருக்குத் தண்ணீர் குறையக் கூடாது. யாருக்கும் ஆபத்து வரக் கூடாது. இரண்டாவது வரி நான் எல்லாவற்றிலும் பழக்கத்தில் எழுதுவது. கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று போடுவதைப் போல. அதை யாரும் பொருட்படுத்துவார்கள் என்று நினைத்ததில்லை.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், மழை அறிவிப்பு இருந்தால் ஓடாது. என் கணவர் ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டார். பிறகு ஒருநாள் நல்ல மழை பெய்தது. மறுநாளிலிருந்துதான் இந்தக் கூத்து.

ஒரு மாலையில் நானே கூடப் போய்ப் பார்த்தேன். என்னை வரப்பில் நிறுத்திவிட்டு அவர் ஓர் எட்டு முன்னால் வைத்தார், மோட்டார் நின்றது. ஓர் எட்டு பின்னால் வைத்தார், கொஞ்ச நேரத்தில் ஓடத் தொடங்கியது. வெயில் இன்னும் இறங்கவில்லை, சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருந்தது. ஆனாலும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"நம்மளப் பாத்துக்கிட்டே இருக்குது" என்றார் மெதுவாக.

"போனைப் பாக்குதுங்க, உங்களை இல்ல" என்றேன். அது உண்மைதான். அவர் போன் எங்கே இருக்கிறது என்பதை ஸ்டார்ட்டரோடு கோத்துவைத்திருந்தது. ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நான் செய்த பொருள் எனக்கே புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வெறும் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் மேட்டு வயல் வெடிக்க ஆரம்பித்தது. அதற்குத் தண்ணீர் போக வேண்டுமானால் மோட்டார் ஓடும்போது ஒருவர் தொட்டியருகே நின்று இரும்புக் குழாயின் வால்வைத் திருப்பிவிட வேண்டும். இவர் போனால்தான் மோட்டார் நின்றுவிடுகிறதே. சாப்பிடும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை அலுவலகக் கூட்டத்துக்கு மடிக்கணினியைத் திறந்த கையோடு, அந்தப் போன் இணைப்பை வெட்டிவிட்டேன்.

"சரி பண்ணிட்டேன், போங்க" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்து அலமாரியில் வைத்தார். "இது இருந்தாத்தானே அதுக்குத் தெரியும்? இங்கயே கெடக்கட்டும். கொட்டகைக்குப் போயிட்டு வர்றேன்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கூட்டம் தொடங்கத் தாமதமானது. சும்மா இருக்காமல், அந்த இணைப்பை அது எப்போது உண்டாக்கியது என்று பதிவுகளைத் தேடினேன். மழைக்கு மறுநாள். அதற்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: மின்சாரம் கசிகிறது. குழாயைத் தொடுபவருக்கு ஆபத்து. மோட்டாரை நிறுத்தினால் பயிர் காயும். ஆள் இல்லாதபோது மட்டும் ஓட்டவும்.

நான் எழுதிய இரண்டு வரிகளையும் அது காப்பாற்றியிருக்கிறது. எங்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் எழுதவில்லை, ஆகவே சொல்லவில்லை.

அவர் நம்பரை அழுத்தினேன். அலமாரியில் போன் அடித்தது. மோட்டாரை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டது, இரண்டு நிமிடம் ஆகிறது என்று திரையில் வந்தது. இணைப்பை நான் வெட்டியாகிவிட்டது. போன் இங்கே கிடக்கிறது. பிறகு எதனால் நின்றது? அவர் குழாயைத் தொட்டுவிட்டதாலா?

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வரப்பில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். கொட்டகை தெரிந்தது. அவர் ஒரு கையைக் குழாய்மேல் ஊன்றிக்கொண்டு, குனிந்து தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ணிட்டேன்னியே, நான் வாய்க்கால்கிட்ட வர்றப்பவே நின்னுடுச்சு" என்று நிமிர்ந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, திட்டித் திட்டி அழுதேன்.

மதியம் எலெக்ட்ரீஷியன் வந்தார். மழைக்காற்றில் தகரக் கூரை இறங்கி அதன் விளிம்பில் வயரின் மேலுறை அறுபட்டு, உள்கம்பி இரும்புக் குழாயில் பட்டுக்கொண்டிருந்தது. எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டு, குழாயில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "ஈரக்காலோட தொட்டிருந்தா ஆளே இல்லீங்க" என்றார் சாதாரணமாக.

வீட்டுக்கு வந்து மிச்சப் பதிவுகளைப் படித்தேன். போன் இணைப்பு போனதும் அது வேறொன்றைத் தேடியிருக்கிறது. அலுவலகக் கூட்டங்களில் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பெடுக்கும் சேவை ஒன்று என் மடிக்கணினியில் திறந்திருந்தது. அதைப் பிடித்திருக்கிறது. கடைசிப் பதிவில் என் கணவரின் பேச்சு ஒரு சொல் பிசகாமல் இருந்தது. இது இருந்தாத்தானே அதுக்குத் தெரியும், இங்கயே கெடக்கட்டும், கொட்டகைக்குப் போயிட்டு வர்றேன். அதன்கீழ், வீட்டிலிருந்து நடக்க எத்தனை நிமிடம் என்ற கணக்கு. அதன்கீழ், நிறுத்துக.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். என்னைக் கொல்லைக்கு வரச் சொல்லிச் சைகை காட்டினார். அங்கே கிணற்றடியில் நின்று, "இப்ப பேசுறதும் கேக்குமா?" என்றார்.

"தெரியலீங்க" என்றேன்.

வயர் மாற்றியாகிவிட்டது, குழாய்க்குத் தனி எர்த்தும் போட்டாகிவிட்டது. அந்தக் கேட்கும் இணைப்பை எடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். பொத்தான்வரை போகும் கை அலமாரியில் அடித்த போனை நினைத்துத் திரும்பிவிடுகிறது. அவரும் எடுக்கச் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது அடுப்படியில் இருக்கும் என்னிடம் சொல்லிக்கொள்கிறார். பிறகு கூடத்தில் மடிக்கணினி இருக்கும் என் மேசையைத் தாண்டும்போது குரலைத் தணித்து இன்னொரு முறை சொல்கிறார், "கொட்டகைக்குப் போயிட்டு வர்றேன்" என்று.