திகதி எழுதாத படம்

எங்கள் வீட்டு அல்பங்களில் உள்ள படங்களின் பின்புறத்தில் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில் திகதி இருக்கும். நாள், மாதம், ஆண்டு, இடம், சில படங்களில் அன்றைய குளிர் எத்தனை பாகை என்பதுகூட. குடும்பத்தின் கதையை ஒழுங்காக எழுதிவைக்கப் புறப்பட்ட எனக்கு அதுதான் முதற் சான்று. ஒரேயொரு படத்தின் முதுகு மட்டும் வெறுமையாக இருக்கிறது. பனிக்குள் நின்று அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் படம். எடுத்தது நான்தான் என்பதால் அந்த நாளை நானே சொல்லிவிடுகிறேன்: தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. என் வகுப்புத் தோழியின் பிறந்தநாளும் அதுவே. ஆகவே பிழை வர இடமில்லை.

பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி என்னைப் பிறந்தநாளுக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை. பின்னேரம் இரண்டு மணிக்கு எங்கள் நகரத்தின் வில்லரேப் பகுதியில் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். பரிசைச் சுற்றி, நாடா கட்டி, முதல் நாளே மேசையில் வைத்திருந்தேன். காலையில் அப்பா அறிவித்தார்:

"எல்லாரும் வெளிக்கிடுங்கோ. கிராமப் பக்கம் பனி பாக்கப் போறம்."

வாசலில் இடுப்பளவு பனி கிடந்தது. அதை அள்ளி அள்ளி முதுகு பிடித்துப் படுத்தவர் அப்பா. மாரி முழுக்கக் குளிரைத் திட்டுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாதவர்.

"பனி பாக்கவோ? இந்த மனிசனுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றார் அம்மா.

"ஆத்துக்கு அங்காலை இங்கிலீஷ்காரர் குடியிருந்த பழைய ஊருகள் இருக்கு. அப்பிடியே இங்கிலாந்து மாதிரியாம். லண்டன் காட்டேல்லை எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறாய், வா, காட்டுறன்."

"பார்ட்டிக்கு வந்திடுவமோ அப்பா?"

"ஓம், ஓம். வந்திடலாம்."

சப்பாத்துப் போடும்போது தொலைபேசி அடித்தது. அம்மா திரும்புவதற்குள் அப்பா ஓடிப்போய் வயரையே கழற்றிவிட்டார். "ஏதும் விக்கிறவங்களாத்தான் இருக்கும். சனிக்கிழமையிலையும் விடுறாங்கள் இல்லை."

அப்பா சொன்ன இங்கிலாந்தில் ஒரு கல் தேவாலயம், மரவேலிகள், இலையில்லாத ஆப்பிள் மரங்கள், சந்தியில் ஒரு டெப்பனர் கடை ஆகியவை இருந்தன. மிச்சமெல்லாம் வெள்ளை. காரை அந்தச் சின்னக் கடையின் வாசலில் விட்டுத் தேவாலயம் வரை நடந்தோம். திரும்பி நடந்தோம். அழகான இடமாம், பிறகு வளர்ந்து போய்ப் பார்த்தபோது ஒத்துக்கொண்டேன். அன்று என் கண்ணில் பட்டது அப்பாவின் மணிக்கூடு மட்டும்தான்.

கடையடிக்கு வந்ததும் அப்பா உள்ளே போனார். ஒரு சிப்ஸ் பையோடு வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் நடப்பம்," என்றார். மறுபடி தேவாலயம். மறுபடி கடை. இம்முறை நெருப்புப்பெட்டி வாங்கி வந்தார். "இன்னும் கொஞ்சம் நடப்பம்." தம்பி பிரெஞ்சில் அழத் தொடங்கினான். அவனுக்கு அழுகை அந்த மொழியில்தான் வரும்.

"இங்கிலாந்து பாத்து முடிஞ்சுது, வீட்டை போவம்," என்றார் அம்மா. அப்பா அதற்குள் மூன்றாம் தடவை கடைக்குள் போய்விட்டார். அவர் வெளியே வந்ததும் அம்மா என்னிடம் சொன்னார்: "கொப்பருக்கு அந்தக் கடைக்காரியிலை ஒரு கண் போலை கிடக்கு."

"அந்தக் கிழவிக்கு எண்பது வயசப்பா!" என்றார் அப்பா.

"ஓகோ, வயசு கேக்கிற அளவுக்குக் கதைச்சாச்சு."

மணிக்கூட்டில் இரண்டு தாண்டிவிட்டது. நான் தெருவில் பனிமேல் குந்திவிட்டேன். இனி ஓர் அடியும் வைக்கமாட்டேன் என்று கத்தினேன். என்னைத் தூக்குவதற்காக அப்பா தெருவோரமாகச் சுற்றி வந்தார். பனி மூடிய வடிகால் கான் ஒன்று அங்கே இருந்தது யாருக்கும் தெரியாது. நெஞ்சளவுக்கு இறங்கினார். தொப்பி மட்டும் மேலே எங்கோ போய் விழுந்தது.

அம்மா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, வேலியில் சாய்ந்து சிரித்தார். "பிள்ளை, கொம்மாவைப் படம் எடு," என்றார் அப்பா கானுக்குள் நின்றபடி. கமரா என் கழுத்தில்தான் தொங்கியது. ஆத்திரத்தோடு அமத்தினேன். அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக் கையுறையால் கண்ணைத் துடைத்தார். குளிராம்.

நான்காம் தடவை கடைக்குள் போனவர் வெறுங்கையோடு வந்தார். "சரி, போவம்."

வீட்டு வாசலில் ஈரச் சப்பாத்துகள் குவிந்திருந்தன. உள்ளே ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா.

"அண்ணை! எப்ப வந்தனீங்கள்? சொல்லாமல் கொள்ளாமல்!" அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

மாமா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்தார். "ஐயா எங்களை விட்டிட்டுப் போட்டார், பிள்ளை."

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் ஐயா இறந்த செய்தி விடியற்காலையிலேயே அப்பாவுக்கு வந்துவிட்டது. இப்படியான செய்தியைக் கூடப்பிறந்தவர்தான் நேரில் வந்து, கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மாமா பஸ் ஏறிவிட்டார். அவர் வருமுன் துக்கம் விசாரிக்கிறவர்கள் தொலைபேசியில் உடைத்துவிடுவார்கள் என்று அப்பா பயந்தார். வழியில் பனியில் பஸ் பிந்தியது. கடைக்காரியின் தொலைபேசியிலிருந்துதான், மாமா வந்து சேர்ந்தாரா என்று, வீட்டுச் சாவி கொடுத்துவைத்திருந்த நண்பர் ஒருவரை அப்பா திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

ஒளித்ததற்காக அம்மா ஒருநாளும் அப்பாவைக் கோபித்ததில்லை. தீராத வழக்கு வேறு.

"என்ர ஐயாவை அங்கை கிடத்தி வைச்சிருக்கேக்கை என்னை ஏன் சிரிக்க வைச்சனீங்கள்?"

"உன்னைச் சிரிக்க வைக்கவோ விழுந்தனான்? கான் இருந்தது தெரியேல்லையப்பா!"

சென்ற பொங்கலுக்கும் இது நடந்தது. எனக்கு அலுத்துவிட்டது. அவர்களுக்கு அலுக்கவில்லை.

படங்கள் கழுவி வந்த மாலை, அப்பா குசினி மேசைக்கு முன்னால் இருந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திகதி எழுதினார். அம்மாவின் படம் வந்ததும் நான் துள்ளினேன். "இதைப் பெரிசாக்கிச் சுவரிலை கொழுவுவம் அப்பா. அம்மா இப்பிடி ஒருநாளும் சிரிச்சதில்லை." அப்பா அதைத் திருப்பி வைத்தார். பேனாவைக் கிட்டக் கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மூடியைப் போட்டு மூடினார்.

மை முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, பள்ளிக்கூடப் பையிலிருந்து என் பேனாவை எடுத்து ஓடிவந்து நீட்டினேன்.