தொடாத தட்டு

அந்தக் கண்ணாடித் தட்டை அவர் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. தட்டில், எண்ணெய் தரும் செம்பனைத் திசுவின் துணுக்குகள், கருநீலமாக. ஷா ஆலத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் மட்டும் யாரோ கள்ள நோட்டைக் கையில் திணித்துவிட்டதுபோல ஒரு சுளிப்பு.

அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி ஒப்பந்தத்தில் வந்தவர். மனைவியோடும் பள்ளிக்குப் போகும் மகளோடும் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தார். செடிக்குள் புது மரபணுவைக் கொண்டுபோக எங்களுக்கு வாய்த்தது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. காயம்பட்ட செடி கசியவிடும் பொருளை மோப்பம் பிடித்து வந்து, தன் மரபணுத் துண்டு ஒன்றை உள்ளே நுழைத்துவிடும். அந்தத் துண்டின் இடத்தில் எங்களுக்கு வேண்டியதை வைத்து அனுப்புவோம். செம்பனையோ லேசில் வழிக்கு வராது. அதனால் காயப் பொருளை நாங்களே கரைசலில் கலந்து பாக்டீரியாவை ஏமாற்றுவோம். மரபணு போய்ச் சேர்ந்திருந்தால் திசு சாயத்தில் நீலமாகும், இல்லாவிட்டால் வெளுப்பாகவே கிடக்கும். ஏமாற்றையே தொழிலாக வைத்திருக்கும் இடத்தில் நம்பிக்கை எப்படி வளரும், சொல்லுங்கள்.

நான் பிறவிச் சந்தேகக்காரி. கிள்ளான் பாசாரில் வருடக்கணக்காகப் பழகின மீன்காரரிடம்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். டாக்டரையும் வந்த நாளிலிருந்தே கவனித்தேன். பாக்டீரியாக் கரைசலில் திசுவை நனைக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு வெளியே போய்விடுவார். சில தட்டுகளை நான் நனைக்காமல் சும்மா விட வேண்டும். எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கலைத்து வைக்க வேண்டும். எந்த எண் எது என்று அவரிடம் மூச்சு விடக் கூடாது. மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்? நாளைக்கு ஏதாவது தப்பென்றால் பழியை என் தலையில் கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எது எதுன்னு தெரிஞ்சா, இல்லாத நீலத்தையும் இந்தக் கண்ணு பாத்துருமுங்க. இத நான் நம்பறதில்ல" என்றார். அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை.

நீலம் வந்த அன்று காலையில் பாஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அவரு வேலை பெர்மிட் இதுலதான் நிக்குது. ரிசல்ட் நல்லா வந்தா ரினியூ பண்ணிடலாம் லா" என்று சொல்லியிருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நனைக்காத தட்டு எதெதுன்னு சொல்லுங்கக்கா."

அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒன்று அவர் கையிலேயே இருந்தது. பாக்டீரியா தொடவே தொடாத திசு, நனைத்தவற்றைப் போலவே நீலமாக. அப்படியானால் மற்றவற்றின் நீலத்தை மட்டும் எப்படி நம்புவது? வேறு ஏதாவது கிருமி உள்ளே புகுந்து போட்ட வேஷமாக இருக்கலாம். வேறு எண்ணைச் சொல்லிவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அவருடைய மகளின் முகம் மனதில் வந்தது. என்றைக்காவது இவரைப் பிடிப்பேன் என்று காத்திருந்த எனக்கு, பிடிக்கும் நேரம் வந்தபோது பிடிக்க மனம் வரவில்லை.

"உங்க கையில இருக்கறது அதுல ஒண்ணு, டாக்டர்" என்றேன்.

பாஸ் சிரித்து மழுப்பினார். "ஒண்ணுதானே லா. கண்டாமினேஷன்னு தூக்கிப் போடுங்க. மத்ததெல்லாம் ஓகேதானே?"

"புடிக்காத தட்டு மட்டும் கண்டாமினேஷனுங்களா, பாஸ்?" என்று கேட்டார் டாக்டர்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை.

அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து அவர் மனைவி தேநீர் கொடுத்தார். "நீங்க வேற நம்பரச் சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த டாக்டர் நிமிராமலே சொன்னார்: "சொல்லியிருந்தா நானும் சந்தோசமா நம்பியிருப்பேன். அதுதானுங்க பயம்."

அவ்வளவு காலம் அவர்மேல் வைத்திருந்த சந்தேகமெல்லாம் அன்றைக்குத்தான் என்னை விட்டுப் போனது. போன சந்தேகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. இன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதுக் கருவிகள் வந்துவிட்டன, புது ஆட்கள் வந்துவிட்டார்கள். வரவேற்பறைச் சுவரில் அந்த நீலத் துணுக்குகளின் படம் பெரிதாகத் தொங்குகிறது. அந்த ஒரு தட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை வைத்து எடுத்த படம். வருகிற விருந்தினர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே, இதைச் சாதித்தவர் என்று டாக்டரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.