லோரென்ஸின் கோப்பையில் ஒரு கரண்டி

லோரென்ஸ் ஐக்னர் என்ற பெயரைக் கெஸ்கெ முதன்முதலில் கேட்டது சேவலோடு சேர்த்துத்தான். ஊர் அலுவலகத்து ஆள் வாசலில் நின்று, "லோரென்ஸ் ஐக்னர்னு ஒரு விமானி உங்க வீட்ல தங்கப் போறாரு. ராத்திரி பறக்குறவரு, பகல்லதான் தூங்கணும். அந்தச் சேவல முடிச்சிருங்க," என்றான்.

"இங்க காலெடுத்து வைக்கிறதுக்கு முந்தியே ஒரு உயிரா?" என்றாள் கெஸ்கெ.

ஆனாலும் சேவல் சூப்பாயிற்று. பக்கத்துத் துறைமுக நகரமான எம்டனில் அவள் அக்கா ஹில்கெயின் வீடு குண்டில் எரிந்து, அக்காவும் பிள்ளைகளும் மாட்டுக்கொட்டிலின் பரணில் படுத்துக்கொண்டிருந்த சமயம் அது. குண்டு போட வருகிறவனை வானத்திலேயே மறிக்கிறவனுக்கு ஒரு சேவல் பெரிதா என்ன?

வந்தவன் ஜெர்மனியின் தெற்கே, பவேரியாப் பக்கத்துப் பையன். கூடவே ஆர்னோ. விமானத்தில் லோரென்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, ரேடாரைப் பார்த்து இடம், வலம் சொல்பவன். விமானத்தை ஓட்டுவதும், கிட்டே போனபிறகு எதிரி விமானத்தைக் கண்ணால் பார்த்துச் சுடுவதும் லோரென்ஸின் வேலை.

அந்த ஊரில் போதும் என்பதற்கு அடையாளம், காலிக் கோப்பைக்குள் கரண்டியைப் போடுவது. போடாதவரை தேநீர் வந்துகொண்டே இருக்கும். லோரென்ஸுக்கு யார் சொன்னார்கள்? வேண்டாமென்றால் மரியாதையில்லை என்று நினைத்துக் குடித்துக்கொண்டே போனான்.

"இவன் இன்னிக்கு மேல ஏற மாட்டான், மிதக்கத்தான் போறான்," என்று ஆர்னோ சிரித்த பிறகுதான் கெஸ்கெ கரண்டியைக் காட்டினாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு மாலை. வெளிச்சம் வெளியே கசியாதபடி திரை போட்டு, விளக்கைத் தணித்திருந்தார்கள். லோரென்ஸ் கரண்டியைக் கோப்பைக்குள் போடப் போனான். அது கோப்பைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்தது. குனிந்தவன் கை வேறெங்கோ துழாவியது.

கெஸ்கெ எடுத்துக் கொடுத்தாள். "எத்தன நாளா?"

அவன் மெதுவாக, "இருட்டுனா ஒண்ணும் தெரியல. ஆர்னோகிட்ட சொல்லிராதீங்க. பயந்துட்டான்னு சொல்லுவாங்க," என்றான்.

"அவன் உயிரும் உன் முதுகுக்குப் பின்னாலதானே உக்காந்திருக்கு?"

"ஒவ்வொரு குண்டு விமானத்துலயும் ஏழு பேரு இருப்பாங்க, கெஸ்கெ. தீப்பிடிச்சா குதிக்கிறாங்களான்னு பார்ப்பேன். இப்ப அதுவும் தெரியல."

அவளுக்குப் பரணில் இருமும் அக்கா பிள்ளைகள் நினைவு வந்தது. இருந்தாலும், "நாளைக்கு மூணாவது கோப்பை முடியுறதுக்குள்ள நீ அவன்கிட்ட சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லுவேன்," என்றாள். அன்று இரவெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை. நல்லவேளை, மேகம் கவிந்து யாரும் பறக்கவில்லை.

மறுநாள் மூன்றாவது கோப்பையில் சொன்னான். ஆர்னோ ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்.

"அடேய், ஒரு மாசமா நீ தரையிறங்கும்போது நான் ஏன் தொண்ட கிழியக் கத்துறேன்னு நினைச்ச? பாட்டா பாடுறேன்?"

"தெரிஞ்சுமா கூட வந்த?"

"உன்னத் தனியா விட்டா எந்தக் கோபுரத்துல போய் ஒக்காருவியோ. எந்திரி, டாக்டர்கிட்ட போவோம்."

ஆர்னோ கூடப் போய்ச் சாட்சி சொன்னதால் லோரென்ஸின் மேல் கோழைப் பட்டம் விழவில்லை. வளர்ந்துகொண்டே போகும் கண் நோய் என்றார் மருத்துவர். லோரென்ஸைக் கிடங்கு வேலைக்கு அனுப்பினார்கள். மறைத்ததற்கு ஆர்னோவுக்குத்தான் நல்ல வசவு. அவனை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சண்டை முடிந்து இரண்டாவது வசந்தத்தில், அக்குளில் ஒரு இளஞ்சேவலோடு லோரென்ஸ் வாசலில் நின்றான்.

"சேவலக் கொண்டாந்திருக்கேன்."

"சேவல் மட்டும்தானா?" என்றாள் கெஸ்கெ.

கல்யாணத்துக்கு ஆர்னோ கைத்தடியோடு நொண்டிக்கொண்டே வந்தான். அந்தச் சேவல் விடியுமுன்னே கூவியது. யாரும் அதை அறுக்கவில்லை. நாளடைவில் லோரென்ஸுக்குப் பகலும் இருண்டது. கோப்பை காலியானதும் அவன் கெஸ்கெ பக்கம் முகத்தைத் திருப்புவான். கரண்டியை அவள்தான் போடுவாள்.

லோரென்ஸ் இப்போது ஊர்த் தேவாலயத்து மயானத்தில், கெஸ்கெவுக்கு இடப்பக்கம் இருக்கிறான்.